நடுங்காத கை

ஜூலை 4

சாத்தூரில் வீடு அமைந்துவிட்டது. மாடி வீடு. ஒரு கூடம், ஒரு சமையலறை, துணி காயப்போட வெளியே கொஞ்சம் இடம். வீட்டுக்காரம்மா கீழே இருக்கிறார். தண்ணீர் ஒருநாள் விட்டு ஒருநாள் வருமாம். ஸ்டவ், சிலிண்டர், நாலு பாத்திரம் எல்லாம் மதுரையிலிருந்து கொண்டுவந்தாயிற்று. மிளகு ரசம் வைத்து, அப்பளம் சுட்டுச் சாப்பிட்டேன்.

மகள் தென்றலுக்குப் போன் செய்தேன். சென்னையில் கல்லூரி விடுதியில் இருக்கிறாள்.

"எவ்ளோ நாளும்மா அங்க?"

"தீபாவளி வரைக்கும்."

"பட்டாசு ஊர்ல தீபாவளியா? செம."

சொன்னதும் அவளே "ஸாரிம்மா" என்றாள். மாசி மாதம் இங்கே ஒரு பட்டாசுத் தொழிற்சாலை வெடித்ததும், அதில் பிழைத்தவர்களோடு பேசத்தான் நிறுவனம் என்னை அனுப்பியிருக்கிறது என்பதும் அவளுக்குத் தெரியும். பதினைந்து வருடமாக நான் செய்யும் வேலை இதுதான். பேசுகிறவர்கள் பேசக் கேட்பது.

ஜூலை 8

வெடியில் பிழைத்தவர்கள் இருக்கும் சூரன்பட்டிக்கு முதல் நாள் போனேன். சமுதாயக் கூடத்தில் பாய் விரித்திருந்தார்கள். முப்பது பேருக்குமேல் வந்தார்கள். நிவாரணச் செக் பற்றி அரசாங்கத்திலிருந்து யாரோ வருவதாகச் செய்தி பரவியிருக்கிறது. அது நானில்லை என்று தெரிந்ததும் ஒவ்வொருவராக எழுந்தார்கள். ஒரு பெரியவர் மட்டும் நின்று கேட்டார்.

"அப்ப நீங்க என்னத்தக் குடுக்கப் போறீக?"

"உங்க மனசுல இருக்கிறதைச் சொல்லலாங்கய்யா. நான் கேப்பேன்."

"கேக்குறதுக்கா வந்தீக, மதுரையில இருந்து?" கேலியாகக் கேட்கவில்லை. உண்மையாகவே ஆச்சரியப்பட்டார்.

கடைசியில் ஒரே ஒரு பெண் மிஞ்சினாள். பெயர் வெயிலுகந்தாள். அந்த வெடிவிபத்தில் தங்கையை இழந்தவள் என்று சொன்னார்கள். நாற்பது வயதிருக்கும். இடது காதுக்குக் கீழிருந்து முழங்கை வரை தோல் சுருங்கிப் பளபளவென்று இருந்தது. இரண்டு கைகளையும் முந்தானைக்குள் வைத்திருந்தாள். கூடம் காலியாகும்வரை காத்திருந்து, கைகளை வெளியே எடுத்து என்முன் நீட்டினாள். விரல்கள் காற்றில் ஆடும் இலைபோல ஆடிக்கொண்டிருந்தன.

"இத நிப்பாட்ட முடியுமா மேடம்?"

முயற்சி செய்யலாம் என்றேன்.

ஜூலை 11

வெயிலு வந்தாள். கால் மணி நேரம் உட்கார்ந்துவிட்டு ஒன்றும் பேசாமல் போய்விட்டாள். முதலில் எல்லோரும் அப்படித்தான்.

சாத்தூர் வெள்ளரிக்காய் நன்றாக இருக்கிறது.

ஜூலை 18

இன்று பேசினாள். கையைப் பற்றித்தான். சோறு பிசைந்தால் சிந்துகிறது, குழந்தைக்குச் சடை பின்ன முடியவில்லை. டாக்டர் நரம்பெல்லாம் நன்றாகத்தான் இருக்கிறது என்று சொல்லிவிட்டாராம். நாம் ஒவ்வொன்றாகச் சரிசெய்யலாம், முதலில் எது வேண்டும், சடையா சோறா என்று கேட்டேன்.

"திரி சுத்தணும் மேடம்."

புரியவில்லை. அப்புறம் சொன்னாள். பட்டாசுக்குத் திரி. அவளுக்கு மறுபடி பயராபீசுக்குப் போகவேண்டும். பட்டாசுத் தொழிற்சாலையை இங்கே எல்லோரும் அப்படித்தான் சொல்கிறார்கள். போர்மேன் தங்கப்பாண்டியைப் போய்ப் பார்த்திருக்கிறாள். அவர் இவள் கையைப் பார்த்துவிட்டு, "இந்தக் கைய வச்சுக்கிட்டு மருந்துப் பக்கம் வரப்படாது தாயி. நின்னதும் வா" என்று சொல்லியிருக்கிறார்.

"உன் தங்கச்சி செத்துப்போன இடத்துக்கா போகணுங்கிற?" கேட்டிருக்கக் கூடாது. கேட்டுவிட்டேன்.

"அது இடிஞ்சு கெடக்கு. இது அவுகளோட வேற கம்பெனி, வடக்க." எழுந்துகொண்டே, "உங்களால முடியாதுன்னா சொல்லிருங்க மேடம், வெட்டியா வந்துக்கிட்டு இருக்கப்படாதுல்ல" என்றாள்.

மூன்று பிள்ளைகள். ஒன்று அவளுடையது. இரண்டு, இறந்துபோன தங்கை சீனியம்மாளுடையவை.

ஜூலை 19

ஜெயசீலன் சாருக்குப் போன் செய்தேன். எங்கள் நிறுவனத்தில் இந்தத் திட்டத்துக்குப் பொறுப்பு அவர்தான். நல்ல மனிதர். நான் சொன்னதைப் பொறுமையாகக் கேட்டார்.

"மரகதம் மேடம், அவங்க எதை விரும்பறாங்களோ அதை நோக்கித்தான் நாம போகணும். நீங்கதானே பயிற்சி வகுப்புல இதைச் சொல்வீங்க?"

"அந்த அறைக்குள்ள திரும்பப் போறதுக்கு நான் எப்படி சார் உதவ முடியும்?"

"வேலைக்குத் திரும்பறதுதானே மறுவாழ்வு? திட்டத்துக்கு நிதி குடுக்கிறவங்களும் அதைத்தான் எதிர்பார்க்கறாங்க."

நிதி கொடுப்பது யார் என்று கேட்டேன். சொன்னார். பட்டாசு ஆலைக்காரர்கள் சிலர் சேர்ந்து வைத்திருக்கும் அறக்கட்டளை.

ஒரு பக்கெட் துணி சேர்ந்துவிட்டது. துவைத்துப் போட்டேன்.

ஜூலை 25

டவுனில் பெண்களுக்கு இலவசத் தையல் வகுப்பு நடக்கிறது. வெயிலுவைச் சேர்த்துவிட்டேன். முகத்தில் விருப்பமில்லை. ஆனாலும் "நீங்க சொல்லுறீகள்ல, பாக்குறேன்" என்றாள்.

ஆகஸ்ட் 1

தையல் வகுப்பு ஒரே நாளில் முடிந்துவிட்டது. ஊசியில் நூல் கோக்க முடியாமல் அரை மணி நேரம் போராடியிருக்கிறாள். பக்கத்து மெஷினை யாரோ வேகமாக மிதித்ததும் எழுந்து தெருவுக்கு ஓடிவிட்டாள். ஆசிரியை பின்னாலேயே ஓடிப்போய் அழைத்தும் உள்ளே வரவில்லை. பஸ் ஸ்டாண்டில் உட்கார்ந்திருந்தவளை நான்தான் போய்க் கூட்டிவந்தேன்.

"அந்த டடடடங்குற சத்தம் மேடம். சரவெடியாட்டம்."

இளநீர் வாங்கிக் கொடுத்தேன். டம்ளரில் ஊற்றிக் குடிக்கும்போது பாதி சேலையில் கொட்டியது. அவளுக்கு முந்திக்கொண்டு நான் துடைக்கப் போனேன். என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

எந்த வேலைக்குப் போனாலும் இந்தக் கை முதலில் நிற்கவேண்டும். திரியோ நூலோ, அதை அவள் முடிவு செய்யட்டும். அடுத்த வாரத்திலிருந்து தொடங்குகிறேன்.

ஆகஸ்ட் 8

மூச்சுப் பயிற்சி. இரண்டு பாதங்களையும் தரையில் நன்றாக ஊன்றிக்கொள்வது, மெதுவாக இழுப்பது, அதைவிட மெதுவாக விடுவது. பிறகு கண்ணில் படுவதை ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லுவது. பயம் வரும்போது மனம் பழைய இடத்துக்குப் போய்விடும். உடம்பை இப்போதிருக்கும் இடத்துக்கு இழுத்துவர இதுதான் வழி.

"பேன். காலண்டரு. சாமி படம். ஒங்க பை. சுவத்துல பல்லி." நிறுத்திவிட்டு முதல்முறையாகச் சிரித்தாள். "பல்லியையும் சொல்லலாமா?"

தாராளமாக.

ஆகஸ்ட் 11

வெயிலுவின் புருஷன் சன்னாசி, நான் பஸ்ஸுக்கு நின்றிருந்த இடத்துக்கு வந்தார். லாரியில் லோடு ஏற்றுகிற வேலை. தோளில் துண்டு. அதை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு பேசினார்.

"அவ கையி சொகமாயிட்டு வருது மேடம். நேத்துப் புள்ளைக்குத் தல சீவி விட்டா. ரொம்ப நாளாச்சு அப்பிடிப் பாத்து."

"சந்தோசங்கய்யா."

"ஆனா..." துண்டைத் திரும்பத் தோளில் போட்டார். "அவள வேலைக்குப் போகாதன்னு நீங்க ஒரு வார்த்த சொல்லுங்க. நா சொன்னா கேக்க மாட்டேங்கா. ஒங்க பேச்சுன்னா கேப்பா."

அது அவர்கள் இருவரும் சேர்ந்து பேசி எடுக்கவேண்டிய முடிவு, நான் இதைச் செய் அதைச் செய்யாதே என்று யாருக்கும் சொல்வதில்லை என்றேன். அப்படித்தான் சொல்லவேண்டும். அவர் தலையை ஆட்டிக்கொண்டு கேட்டார். பஸ் வந்ததும் முன்னால் ஓடி எனக்கு இடம் பிடித்துக் கொடுத்தார்.

ஆகஸ்ட் 15

சுதந்திர தின விடுமுறை. ஆனாலும் வெயிலு வந்திருந்தாள். ஊரே டி.வி.யில் படம் பார்த்துக்கொண்டிருந்தது. கூடத்தில் நாங்கள் இரண்டு பேர்தான். இன்று அந்த நாளைச் சொன்னாள். நான் கேட்கவில்லை. கையைப் பார்த்துக்கொண்டே தானாகச் சொன்னாள். அவள் சொன்னபடி எழுதப் பார்க்கிறேன்.

"மூத்தவ நானு. வாசப்பக்கம் காத்து வரும்ல, எப்பவும் நாந்தான் அங்க உக்காருவேன். சீனி உள்ள, செவுரு ஓரமா. நடுவுல நெறயப் பேரு. தட்டுக்குத் தட்டு முட்டிக்கிட்டுத்தான் உக்காருவோம். அன்னைக்கு ஏதோ சிரிச்சுப் பேசிக்கிட்டு இருந்தோம், என்னத்துக்குச் சிரிச்சோம்னு நெனச்சு நெனச்சுப் பாக்கேன், வர மாட்டேங்கு. பக்கத்து ரூம்ல பொட்டுன்னு ஒரு சத்தம். பெருசா இல்ல. கதவச் சாத்துனாப்ல. அம்புட்டுதான், நா வேப்பமரத்துக்கிட்ட நிக்கேன். எப்ப எந்திரிச்சேன், எப்ப ஓடுனேன், ஒண்ணுந் தெரியல. நா ஓடல மேடம். காலு ஓடிருச்சு."

பாயின் ஓரத்தை நகத்தால் பிரித்துக்கொண்டே தொடர்ந்தாள்.

"யக்கான்னு ஒரு சத்தம் கேட்டுச்சு. ஒரே தடவ. அவதான். திரும்பல. பின்னாலயே வாரான்னு நெனச்சுக்கிட்டேன். பெறகுதான் எங்க ரூமு வெடிச்சுச்சு. இதெல்லாம் அப்பப் பட்டதுதான்." கழுத்தைத் தொட்டுக் காட்டினாள்.

உன் உடம்பு உன்னைக் காப்பாற்றியிருக்கிறது, பயம் உனக்கு எதிரி இல்லை, அந்தக் கால்கள் ஓடியதால்தான் மூன்று பிள்ளைகளுக்கு ஒரு அம்மா இருக்கிறாள் என்றேன். பல பேரிடம் சொல்லியிருக்கிறேன். உண்மையும்கூட.

"கையத்தான் நிப்பாட்டச் சொன்னேன். காலையும் நிப்பாட்ட முடியுமா?"

வருத்தத்தில் சொல்கிறாள் என்று எடுத்துக்கொண்டேன். மூச்சு எல்லாவற்றுக்கும் ஒன்றுதான் என்று சொன்னேன்.

திரும்பி வந்து குளித்தேன். மறுபடியும் குளித்தேன். புழுக்கம்.

ஆகஸ்ட் 16

கேஸ் தீர்ந்துவிட்டது போலிருக்கிறது. ஹோட்டலில் இட்லி.

ஆகஸ்ட் 22

திரி வாங்கி வந்தோம். மருந்து ஏறாத வெறும் நூல்திரி. வெயிலு அதை மடியில் வைத்துக்கொண்டு பார்த்தாள், தொட்டாள், சுற்றினாள். வியர்த்து ஊற்றியது. மூச்சு. பல்லி. பேன். காலண்டர். மறுபடி சுற்றினாள். அவள் விரல்கள் எவ்வளவு வேகமானவை என்று இன்றுதான் தெரிந்தது. கொண்டுவந்த நூல் அத்தனையும் தீர்ந்துபோயிற்று.

கேஸ் புக் செய்ய மறந்துவிட்டேன். தயிரும் வாழைப்பழமும்.

ஆகஸ்ட் 29

தீக்குச்சியை உரசி, அணைத்து, அந்த வாசனையைப் பழகிக்கொள்ளும் பயிற்சி. பெட்டியை வெயிலுவிடமே கொடுத்து அவளையே உரசச் சொன்னேன். தானாகச் செய்தால்தான் பயன். முதல் குச்சியில் எழுந்து போனாள். பிறகு உட்கார்ந்தாள். கடைசியில் புகை அடங்கும்வரை மூக்கருகே வைத்திருந்தாள்.

"நீங்க ஏன்க்கா அம்புட்டுத் தள்ளிப் போயி நிக்கீக?" என்று கேட்டாள்.

இன்றைக்குத்தான் என்னை அக்கா என்று கூப்பிட்டாள்.

செப்டம்பர் 3

கீழே தெருவில் வெடி போட்டபடி ஒரு கல்யாண ஊர்வலம் போனது. தண்ணீர் வருகிறதா என்று பார்க்கக் குளியலறைக்குப் போனவள் கொஞ்ச நேரம் அங்கேயே இருந்தேன். தண்ணீர் இன்றைக்கு இல்லாத நாள் என்பது பிறகுதான் நினைவுக்கு வந்தது.

செப்டம்பர் 7

பிள்ளையார் சதுர்த்திக்குத் தென்றல் வந்திருக்கிறாள். மெலிந்துவிட்டாய் என்று நான் அவளைச் சொல்வதற்குள் அவள் என்னைச் சொல்லிவிட்டாள். கொழுக்கட்டை செய்யலாம் என்று சமையலறைக்குள் போனாள்.

"கேஸ் இல்லம்மா" என்றேன்.

சிலிண்டரை அசைத்துப் பார்த்தாள். "கனமா இருக்கேம்மா?"

நான் எங்கேயோ தப்பாக நினைத்துவிட்டேன் போல. அவள் லைட்டரை எடுத்ததும் வீட்டுக்காரம்மாவின் தட்டு ஒன்று என்னிடம் இருப்பது ஞாபகம் வந்து கீழே போனேன். பேச்சு நீண்டுவிட்டது. திரும்பி வந்தபோது கொழுக்கட்டை வெந்து, அடுப்பும் அணைந்திருந்தது. நன்றாகச் செய்திருந்தாள்.

சாப்பிடும்போது, "அடுப்புல தூசி படிஞ்சிருக்கு. எவ்ளோ நாளா பத்த வைக்கல நீ?" என்றாள்.

"வெளியில சாப்பிடறது வசதியா இருக்குடி."

"நீ யார்கிட்டயாவது பேசணும்மா."

"பேசறதுதான் என் வேலையே" என்றேன். சிரிக்கவில்லை அவள்.

செப்டம்பர் 8

தென்றல் கிளம்பிவிட்டாள். காரசேவு பொட்டலம் வாங்கிக் கொடுத்தேன். பஸ் நகரும்வரை ஜன்னல் வழியே என் கையைப் பிடித்திருந்தாள். விட மனமில்லாமல் அல்ல, எதையோ கவனிக்கிறவளைப் போல.

செப்டம்பர் 19

வெயிலுவோடு பயராபீஸ் வாசல்வரை போய்வந்தேன். வேலைக்கு ஆள் ஏற்றும் வேன் நிற்கிற இடம், வேனுக்குள் உட்காருவது, இரண்டையும் போன வாரமே முடித்திருந்தோம்.

கரிசல் காட்டுக்கு நடுவே முள்கம்பி வேலி. உள்ளே தள்ளித் தள்ளிச் சின்னச் சின்ன அறைகள். மணல் வாளிகள் சிவப்புச் சாயத்தில் வரிசையாக இருந்தன. எல்லாம் புதிதாக இருந்தது. போர்மேன் தங்கப்பாண்டி எங்களைச் சுற்றிக் காட்டினார். ஓர் அறைக்கு நான்கு பேர் மட்டும் என்று பெரிய எழுத்தில் எழுதி வைத்திருந்தார்கள். அந்த அறையின் வாசலில் கிடந்த செருப்புகள் நான்கு பேருடையவை அல்ல. நான் எண்ணவில்லை. தீபாவளி நெருங்குகிறது.

பெண்கள் வெயிலுவைப் பார்த்ததும் "ஏ, வெயிலு வந்துருக்கா" என்று கூப்பிட்டார்கள். ஒருத்தி எழுந்து வந்து அவள் கன்னத்தைத் தடவினாள். பழைய கம்பெனியில் வேலை பார்த்தவளாம். இத்தனை மாதத்தில் வெயிலு முகத்தில் நான் பார்க்காத ஒன்றை அப்போது பார்த்தேன். வீட்டுக்கு வந்தவள் முகம்.

தங்கப்பாண்டி ஒரு வெள்ளைத் தாளை நீட்டி அதன் ஓரத்தைப் பிடிக்கச் சொன்னார். பிடித்தாள். தாள் ஆடவில்லை.

"திங்கக்கெழம வா தாயி."

வேலிக்கு வெளியே வந்ததும் வெயிலு என் காலைத் தொட்டுக் கும்பிட்டாள். தடுப்பதற்குள் நடந்துவிட்டது. நான் வரும்வழியில் வாந்தி எடுத்தேன். காலையில் தின்ற வடை.

செப்டம்பர் 23

வேலைக்குப் போய்விட்டாள்.

செப்டம்பர் 25

ஜெயசீலன் சார் போன் செய்தார். அறக்கட்டளைக்காரர்களுக்கு ரொம்பத் திருப்தியாம். "ஒரே ஒருத்தரா இருந்தாலும் முழுமையான மீட்சி மேடம். இதைத்தான் எல்லா இடத்துலயும் எடுத்துக் காட்டணும்." நன்றி சொன்னேன். மூன்று மாதத்தில் எனக்குக் கிடைத்த ஒரே வெற்றி இதுதான் என்பதும் உண்மை.

செப்டம்பர் 29

ஞாயிற்றுக்கிழமை. கதவைத் தட்டும் சத்தம். வெயிலு. அவள் பின்னால், மாடிப்படி நெடுக, ஐந்தாறு பெண்கள்.

"கோவிச்சுக்கிடாதீகக்கா. இவளுகளும் பயந்தவளுகதான். ஒருத்திக்குக் கை, ஒருத்திக்குத் தூக்கத்துல அலறல். இந்தா இவளுக்கு வேன் சத்தங் கேட்டாலே ஒண்ணுக்கு வந்துரும்." அவள் சொன்ன பெண் தலை குனிந்து சிரித்தாள். "எனக்குச் செஞ்சாப்ல இவளுகளுக்கும் செஞ்சு விடுங்க."

உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்தேன். வீட்டுக்காரம்மாதான் எல்லோருக்கும் காப்பி போட்டுக் கொடுத்தார்.

கடைசியில் வந்தவள் சின்னப்பெண். கழுத்தில் கல்லூரி அடையாள அட்டைக்கான நீலக் கயிறு. அதில் அட்டைக்குப் பதிலாகச் சாவி தொங்கியது.

"இது ஈஸ்வரி. சீனி மக" என்றாள் வெயிலு. "பிகாம் ரெண்டாவது வருசம். போதும்னு நின்னுட்டா. எங்கூட வாரா, ஒரு வாரமா."

"ஏன்மா நின்னுட்ட?"

ஈஸ்வரி தோளைக் குலுக்கினாள். "தம்பி படிக்கட்டும் மேடம்."

"பயமா இல்லையா?"

"இருந்துச்சு. பெரியம்மா மூச்சு விடச் சொல்லிக் குடுத்தாங்க." பாதங்களைத் தரையில் ஊன்றிக் காட்டினாள். பாதம், முதுகு, எல்லாம் நான் சொல்லிக்கொடுத்த மாதிரியே இருந்தன. "இப்ப இல்ல."

தென்றலின் வயதுதான்.

அக்டோபர் 6

ஞாயிறு வகுப்பு. அந்தப் பெண்களுக்கும் சொல்லிக்கொடுக்கத் தொடங்கிவிட்டேன். வந்தவர்களுக்கு மாடியில் இடம் போதாமல் சமுதாயக் கூடத்துக்கே மாற்றிக்கொண்டோம். ஒரு வேலையும் ஓடவில்லை. கூடம், பஸ், வீடு.

அக்டோபர் 10

காய்கறிக் கடையில் நின்றிருந்தபோது சத்தம் கேட்டது. தூரத்தில். கடைக்காரர் தராசிலிருந்து கண்ணை எடுக்காமல் "மேற்க போலருக்கு" என்றார். எனக்குத் தக்காளி நிறுத்துப் போட்டார். அடுத்து நினைவிருப்பது, நான் இரண்டு தெரு தள்ளி ஒரு மருந்துக்கடை ஷட்டருக்குப் பக்கத்தில் நிற்கிறேன். கையில் தக்காளிப் பை இல்லை.

வெயிலுவின் கம்பெனி வடக்கே. இது மேற்கே. மூன்று பேர் என்று சாயங்காலம் செய்தியில் சொன்னார்கள்.

வெயிலுவுக்குப் போன் செய்தேன். எடுக்கவில்லை. வேலைக்குப் போகும்போது போனை வீட்டில் வைத்துவிட்டுத்தான் போகவேண்டும். பிறகு சன்னாசி எடுத்தார். வந்துவிட்டாளாம். தலைக்குக் குளித்துக்கொண்டிருக்கிறாளாம்.

அக்டோபர் 13

வகுப்பு முடிந்து எல்லோரும் போன பிறகு வெயிலு உட்கார்ந்திருந்தாள். முகம் தெளிவாக இருந்தது. ஏதோ நல்ல செய்தி சொல்லப்போகிறவளைப் போல.

"வியாழக்கிழம சத்தங் கேட்டுச்சுல்லக்கா. எங்க ரூம்ல அம்புட்டுப் பேரும் எந்திரிச்சு ஓடிட்டாக. நா ஓடல."

நான் சுருட்டிக்கொண்டிருந்த பாயைக் கீழே வைத்தேன்.

"நீங்க சொன்னாப்லயே செஞ்சேன். கால ரெண்டையும் ஊனிக்கிட்டேன். மூச்ச இழுத்து விட்டேன். செவுரு, தட்டு, திரி, என் வளையலு, ஒண்ணொண்ணாச் சொன்னேன். கையப் பாத்தேன். நடுங்கல. எல்லாரும் திரும்பி வாரதுக்குள்ள கால் கட்டு திரி சுத்தி முடிச்சுட்டேன்." என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பாராட்டுக்காகக் காத்திருக்கிறாள் என்று தெரிந்தது.

"ஈஸ்வரி?"

"அவ ஓடிட்டா. ஓடணும்னு படிச்சுப் படிச்சுச் சொல்லி வச்சிருக்கேன். அவளத்தான வாசப்பக்கம் உக்கார வச்சிருக்கேன்."

"நீ எங்க உக்காருற?"

"உள்ள. செவுரு ஓரமா." சேலை மடிப்பைச் சரிசெய்துகொண்டாள். "அங்கயும் காத்து ஒண்ணும் மோசமில்ல."

நான் அவள் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டேன். சத்தம் கேட்டால் ஓடவேண்டும் வெயிலு, மூச்சு விடுவதெல்லாம் ஓடி முடித்தபிறகு, அது உன்னைப் பிடித்துவைப்பதற்கில்லை என்றேன். என் குரல் உயர்ந்துவிட்டது. அவள் பயப்படவில்லை. என்னைச் சமாதானப்படுத்துகிறவளைப் போல விரல்களை அழுத்தினாள்.

"ஓடுறதுதானக்கா எனக்கு நோயே. நீங்கதான நிப்பாட்டிக் குடுத்தீக."

குறையாகச் சொல்லவில்லை. நன்றியாகச் சொன்னாள்.

பிறகு, "ஒங்க கையி ஏன்க்கா இப்பிடி ஆடுது?" என்றாள்.

அக்டோபர் 14

தங்கப்பாண்டியைப் போய்ப் பார்த்தேன். வெயிலுவை வாசல் பக்கம் உட்காரவைக்கச் சொன்னேன்.

"எடத்த அவுகளே பாத்துக்கிடுறாக மேடம். நா எப்பிடி அதுல தலயிட? நல்ல வேலக்காரி. அன்னைக்கு மத்தவளுக தட்டைப் போட்டுட்டு ஓடுனாளுக. கீழ சிந்துன மருந்துல ஒருத்தி கால் ஒரசியிருந்தா என்னத்துக்காகும்? வெயிலு ஒருத்திதான் அசையாம இருந்தா. மத்தவளுகளுக்கும் அப்பிடிச் சொல்லிக் குடுங்க. புண்ணியமாப் போகும்."

அவர் இடதுகையில் இரண்டு விரல்கள் இல்லை என்பதை இன்றுதான் கவனித்தேன்.

அக்டோபர் 15

ஜெயசீலன் சாரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அறையில் அத்தனை பேரை உட்காரவைப்பது பற்றி நாம் எழுதிக் கொடுத்தால் திட்டமே நின்றுபோகும், இந்தப் பெண்களுக்கு இதுவும் இல்லாமல் போகும், அதையும் யோசியுங்கள் மேடம் என்றார். நானே எழுதிக் கொடுக்கிறேன் என்றேன். கொடுங்கள், நான் தடுக்கமாட்டேன் என்றார். பிறகு, தீபாவளி கழித்து இன்னும் ஆறு மாதம் நீட்டித்திருப்பதாகவும் சொன்னார்.

பட்டாசு ஆலைகளைச் சோதிக்கும் அதிகாரிக்கு எழுதி அனுப்பினேன். சோதனைக்கு வருகிற அன்றைக்கு அறைக்கு நான்கு பேர்தான் இருப்பார்கள், மற்றவர்களுக்கு அன்று லீவு விட்டுவிடுவார்கள் என்று வீட்டுக்காரம்மா சொல்கிறார். அவரும் பதினெட்டு வருடம் பயராபீசில் வேலை பார்த்தவராம். இத்தனை நாளில் ஒரு வார்த்தை சொன்னதில்லை.

அக்டோபர் 17

சன்னாசி வீடு தேடி வந்தார். ஒரு பை நிறைய வெள்ளரிக்காய். மாடிக்கு வர மறுத்து, படியிலேயே நின்றார். என்னைத் திட்டப்போகிறார் என்று நினைத்தேன். அதற்குத் தயாராகவும் இருந்தேன்.

"இப்ப நல்லாத் தூங்குறா மேடம். முன்னயெல்லாம் எந்திரிச்சு உக்காந்துக்கிட்டு அழுவா. இப்ப அதெல்லாம் கெடையாது. சிரிச்சாப்ல எல்லாருக்கும் சோறு போடுறா. எதுக்கும் கோவப்படுறதில்ல."

"நல்லதுதானே" என்றேன்.

"ஆமா." பையை என்னிடம் கொடுத்தார். "அதான் பயமாருக்கு."

அக்டோபர் 18

தென்றல் போன் செய்தாள். தீபாவளிக்குச் சென்னைக்கு வந்துவிடு என்றாள். அங்கேயும் வெடிப்பார்கள் என்றேன். அப்போ எங்கேயாவது காட்டுக்குள் போய்விடலாமா என்றாள். வேடிக்கையாகச் சொல்லத் தொடங்கியவள் குரல் உடைந்து அழுதுவிட்டாள். வேலையை விட்டுவிடும்மா என்றாள். யோசிக்கிறேன் என்றேன். யோசித்தேன். நான் போனால் அடுத்து ஒருவர் வருவார். என்னைவிட நன்றாகவே சொல்லிக் கொடுப்பார்.

அக்டோபர் 20

ஞாயிறு வகுப்பு. இன்று வேறு மாதிரி நடத்துவது என்று முடிவு செய்துகொண்டு போனேன். பாய்களைச் சுருட்டி ஓரமாக வைத்தேன். பெண்களை அறையில் உட்காருவதுபோலவே நெருக்கி உட்காரவைத்தேன். நான் கையைத் தட்டுவேன், தட்டியதும் எதையும் பார்க்காமல் எழுந்து வாசலுக்கு ஓடவேண்டும், மூச்சுப் பயிற்சியெல்லாம் வெளியே போன பிறகுதான் என்றேன்.

தட்டினேன். எழுந்தார்கள். முன்னால் இருந்தவள் சேலையைப் பின்னால் இருந்தவள் மிதித்தாள். ஒருத்தி முட்டிபோட்டு விழுந்தாள். மற்றவர்கள் அவள்மேல் மோதி, ஒருவரையொருவர் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். கடைசிப் பெண் வெளியே வருவதற்குள் நான் இரண்டாவது முறை தட்டியிருந்தேன். மறுபடி செய்தோம். மறுபடியும் வாசலில் அடைத்துக்கொண்டது. வெயிலு சுவர் ஓரத்திலிருந்து எழுந்திருக்கவே இல்லை. நடுவில் இருப்பவர்கள் போகட்டும் என்று உட்கார்ந்திருந்தாள்.

வேன் சத்தத்துக்குப் பயந்தவள் என்று வெயிலு சொன்னாளே, அவள் பெயர் குருவம்மாள். ஐம்பதைத் தொட்டவள். இடித்துக்கொண்ட முழங்காலைத் தேய்த்துக்கொண்டே சொன்னாள்.

"மேடம், கோவிச்சுக்கிடாதீக. இங்க வெறுந்தர. அங்க தட்டு, மருந்து, பெட்டி, எல்லாம் மடிகிட்ட இருக்கும். எந்திரிச்சு நிக்கவே எடம் இருக்காது. ஓடுறது வாசப்பக்கத்துல ரெண்டு பேருக்குத்தான் ஆகும்."

யாரும் மறுக்கவில்லை. ஈஸ்வரி மட்டும் தலையைக் குனிந்துகொண்டாள்.

"எங்களுக்கு அந்த மூச்ச மட்டும் சொல்லிக் குடுங்க" என்றாள் குருவம்மாள். "அது போதும்."

மற்றவர்கள் பாய்களை எடுத்து விரித்துவிட்டார்கள். எல்லோரும் உட்கார்ந்து, சொல்வதற்கு முன்பே பாதங்களை ஊன்றிக்கொண்டு, என்னைப் பார்த்தார்கள்.

சொல்லிக் கொடுத்தேன்.